சுவிட்சுக்குள் காய்ந்த சந்தனம்

மகன்,

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னச் சுண்ணாம்பு டப்பியும் வரும். அதை முதலில் திறக்காதே. எழுதியிருப்பதை வாசித்து முடித்துவிட்டுத் திற. இன்னும் ஒன்பது நாளில் உனக்கு நலுங்கு. அதற்குள் வீடு நிறைய ஆட்கள் வந்துவிடுவார்கள், நாம் இரண்டு பேரும் தனியாக ஒரு வார்த்தை பேச முடியாது. பேச முடிந்தாலும் நான் பேசமாட்டேன் என்று உனக்குத் தெரியும். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கண்டி டவுனிலிருந்து பஸ் ஏறிக் குண்டசாலைக்கு வருகிறாய், சாப்பிடுகிறாய், "போயிட்டு வர்றேங்கப்பா" என்கிறாய். நான் "ம்" என்கிறேன். அந்த "ம்"முக்குப் பின்னால் என்ன இருந்தது என்றுதான் இப்போது எழுதுகிறேன். வாய் இருந்தும் கடிதம் எழுதுகிற கோழை என்று நீ நினைத்தால் அதில் பிழை இல்லை. இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, பெண் வீட்டாருக்கும் காட்டு. மறைக்கிற வேலையை நான் வேண்டிய மட்டும் செய்தாயிற்று.

எழுத வைத்தது உன் நிச்சயதார்த்தம். உன் மாமனாராக வரப்போகிறவர் நாகரிகமான மனிதர். கண்டியில் நாலு பேர் வந்து போகிற புடைவைக் கடை வைத்திருப்பவர். நாம் பெண் பார்க்கப் போன அன்றே உன் இடது கையைக் கவனித்திருப்பார், கேட்காமல் இருந்திருப்பார். நிச்சயதார்த்தத்தன்று நீ தாம்பூலத் தட்டை வாங்கும்போது அந்தக் கையைத் தட்டுக்கு அடியில் ஒளித்துப் பிடித்தாய். நீ வேலை செய்கிற கடையிலும் அப்படித்தான், குழாயும் பைப் மூட்டும் எடுத்துக் கொடுப்பது வலது கை, இடது கை மேசைக்குக் கீழே. நான் ஒரு நாள் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன், உள்ளே வரவில்லை. அன்று சபையில் தட்டு கொஞ்சம் சரிந்தது, அவர் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு இந்த ரெண்டு வெரலும் எப்படிப் போச்சுங்க?" கேள்வி உன்னைப் பார்த்து. பதில் சொன்னது நான். "அது ஒன்னுமில்லைங்க. வேலை நேரத்துல பராக்குப் பார்த்திட்டான். சின்னதுல இருந்தே வெளையாட்டுப் புத்தி." சபை சிரித்தது. "இனிமே எங்க பொண்ணு பராக்குப் பார்க்க விடாது" என்று அவர் சொன்னார், இன்னும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ என்னை முறைத்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்பை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

உனக்குப் பாதி தெரியும். தெரியாத பாதிக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கலஹாப் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் உன் தாத்தா இஞ்சின் பார்த்தவர் என்று சொல்லியிருக்கிறேன். ஆயுத பூசை அன்று அங்கே வேலை நிற்கும். அரைக்கிற ரோலர்கள் ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு இருக்கும், அவற்றுக்கெல்லாம் என் அப்பா கை நிறையச் சந்தனத்தை அள்ளி மூன்று விரலால் இழுப்பார், நடுவில் குங்குமம் வைப்பார். நானும் கூட நின்று பூசியிருக்கிறேன். மறுநாள் காலையில் மெஷின்கள் ஓடும், காய்ந்த சந்தனம் தூளாக உதிரும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. அத்தனை பெரிய இரும்பைச் சந்தனம் என்ன செய்யும்? தோட்டத்தை விட்டு வந்து, குண்டசாலையில் தகரக் கொட்டகை போட்டு, இரும்பு கேட்டும் ஜன்னல் கிறிலும் அடிக்கிற மேஸ்திரி, பாஸ் என்று நாலு பேர் கூப்பிடுகிற அளவுக்கு வந்த பிறகும், என் கை அந்த ரோலருக்குப் பூசிய கையாகவே இருந்தது. கைக்குள் அடங்குகிற சாமானுக்கும் ரோலருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை. உனக்கு உறைத்தது.

பிளாஸ்மா மெஷின் வாங்கச் சொன்னது நீதான். கிரைண்டரால் ஒரு நாள் முழுக்க வெட்டுகிற தகட்டை அது ஒரு மணித்தியாலத்தில் வெட்டிவிடும் என்று நச்சரித்து வாங்க வைத்தாய். காற்றும் மின்சாரமும் சேர்ந்து அதன் டோர்ச் வாயில் நீல நெருப்பாக வரும், ஸ்டீல் தகடு கடதாசி மாதிரிப் பிளக்கும். பிடியில் ஒரு விசை, விரலால் அழுத்தினால் நெருப்பு, விட்டால் அணைந்துவிடும். எனக்கு அதில் கை படியவே இல்லை. நீ சுண்ணக்கட்டியால் கோடு கூடப் போடாமல் மயில் வெட்டினாய், தோகையில் கண் கண்ணாக. குண்டசாலையிலிருந்து டவுன் போகிற வழியில் உன் மயில் நிற்கிற கேட் ஆறு எண்ணியிருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது இப்போதெல்லாம் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன். அன்றைக்கும் எனக்குப் பெருமைதான். ஆனால் ஆட்கள் வந்து "மகன் இருக்கானா?" என்று கேட்க ஆரம்பித்தபோது பெருமைக்குள் ஒரு முள்ளும் இருந்தது. பட்டறை என்னுடையது, கேட்பது உன்னை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மூன்றாவது வருஷம் அந்த விசைக்கு உள்ளே இருந்த சுவிட்ச் தேய்ந்துவிட்டது. அவரை விதை அளவு சாமான் அது. சில நேரம் மூன்று தரம் அழுத்தினால்தான் பிடிக்கும், சில நேரம் விட்ட பிறகும் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீ சொன்னாய். ஒரு தரம் இல்லை, பல தரம். கடைசியில் நீயே கண்டிக்குப் போய் அதே அளவில் ஒரு சுவிட்ச் வாங்கி வந்தாய். "அரை மணித்தியாலம் தாங்கப்பா, மாத்திப்புடுறேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "ஓடுற மெஷினப் பிரிச்சிப் போட்டுட்டு நாளைக்கு யாருக்கிட்டப் போய் நிக்கிறது? அழுத்தத் தெரிஞ்சவனுக்கு அது நல்லாத்தான் வேலை செய்யுது." அழுத்தத் தெரியாத என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. புது சுவிட்ச் மேசை லாச்சிக்குள் பொலித்தீன் பையோடு கிடந்தது, ஏழு வாரம்.

பிறகு ஆயுத பூசை வந்தது. உன் அம்மா சந்தனம் கரைத்துக் கொடுத்தாள், நான் வரிசையாகப் பூசிக்கொண்டு வந்தேன், வெல்டிங் மெஷின், கிரைண்டர், சுத்தியல், குறடு. டோர்ச்சை எடுத்தபோது நீ கையைப் பிடித்தாய். "அதுல வேணாங்கப்பா. போன வருசம் பூசினதுக்குப் பொறகுதான் அது ஒட்ட ஆரம்பிச்சிச்சு. மெஷின் பெட்டியில பூசுங்க, டோர்ச்ச விடுங்க." மரியாதையாகத்தான் சொன்னாய். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரரும் கேட் ஒன்றுக்கு ஓடர் கொடுத்தவரும் பூசைக்கு வந்து நின்றார்கள். ஆட்கள் முன்னால் மகன் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்துவதா என்றுதான் எனக்குப் பட்டது. "சாமி காரியத்துக்கும் ஒன்கிட்டப் பெர்மிசன் எடுக்கணுமா?" என்றேன். உன் அம்மாவும் உன்னைத்தான் ஏசினாள். "பூசை நேரத்துல வாய வைக்காத தம்பி." நீ கையை விட்டாய். நான் டோர்ச்சுக்குப் பூசினேன். சொல்லிவிடுகிறேன், மற்றதற்கெல்லாம் பூசியதைவிட அதற்கு அதிகமாகப் பூசினேன், விசையின் மேலேயே, வழிய வழிய. அது பக்தி இல்லை மகன். உனக்குக் காட்டியது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து முதல் வேலை தொடங்க வேண்டும், நீதான் டோர்ச்சை எடுத்தாய். ஒரு கேட்டுக்குத் தாமரை வெட்டிக்கொண்டிருந்தாய். காய்ந்த சந்தனத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடங்கினாய், வெளியே இருந்ததைத் துடைத்தாய், உள்ளே போனதை எப்படித் துடைப்பது? ஒரு இதழ் முடிந்தது. விசையை விட்டாய், வழக்கம் போலத் தகட்டைத் திருப்ப இடது கையைக் கொண்டுபோனாய். ஆயிரம் தரம் செய்தது. நெருப்பு அணையவில்லை. கையுறை போட்டிருந்தாய், அந்த நெருப்புக்குக் கையுறை ஒரு பொருட்டா? நான் ஓடிவந்து மெஷினை நிறுத்தியபோது உன் விரல் விசையில் இல்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன். டோர்ச் தரையில் கிடந்தது, யாரும் தொடவில்லை, அதன் வாயில் நெருப்பு நின்றுகொண்டிருந்தது. மெயின் சுவிட்சைத் தட்டினது என் கை. அப்படிப் பார்த்தவன்தான் ஒரு மணித்தியாலம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோது, "பராக்குப் பார்த்திட்டான் சேர்" என்று சொன்னேன். நீ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். கண்ணைத் திறந்து ஒரு தரம் என்னைப் பார்த்தாய், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாலு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொலிசுக்குப் பயம் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். பட்டறைக்குக் கெட்ட பெயர் வரும் என்று பிறகு சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய். முந்தின நாள் நாலு பேர் முன்னால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான். அதற்காகச் சொன்னேன்.

நீ வார்டில் கிடந்த ஐந்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை பகல், பட்டறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு டோர்ச்சை மேசையில் வைத்தேன். பிளக்கைக் கழற்றினேன், காற்றுக் குழாயைத் திறந்து காற்றை விட்டேன். பிடியில் மூன்று திருகாணி. எடுத்ததும் பிடி இரண்டு பாதியாகப் பிரிந்தது. உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷச் சந்தனம், அடுக்கு அடுக்காக, ஓரத்தில் குங்குமச் சிவப்பு. கடைசி வருஷத்தது மட்டும் இன்னும் மஞ்சளாக இருந்தது, சுவிட்சின் குமிழைச் சுற்றி சீமெந்து மாதிரிப் பிடித்திருந்தது. குமிழ் உள்ளே போன இடத்திலேயே நின்றது. நகத்தால் நெம்பினேன், வரவில்லை. கிட்டக் கொண்டுவந்தபோது வாசம் அடித்தது. கோயில் வாசம்.

லாச்சியைத் திறந்து நீ வாங்கி வைத்த சுவிட்சை எடுத்தேன். அளவு அச்சாக இருந்தது. நீ அளந்துதானே வாங்கியிருப்பாய். பழையதன் இரண்டு வயரையும் ஈயம் உருக்கிக் கழற்றினேன், பள்ளத்தைப் பல் துலக்குகிற பிரஷ்ஷால் சுரண்டினேன், புதியதுக்கு வயரைப் பற்ற வைத்து உறை போட்டு, வயர் நசியாமல் பிடியை மூடினேன். அழுத்திப் பார்த்தேன், டிக் என்றது. விட்டேன், டிக் என்று திரும்பி வந்தது. நீ கேட்ட அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை, இருபத்தைந்து நிமிஷம். ஏழு வாரமாக உனக்குக் கொடுக்காத நிமிஷங்கள். பழைய சுவிட்சைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். கை வரவில்லை, சுண்ணாம்பு டப்பியில் போட்டுப் பட்டறை அலுமாரிக்கு மேலே வைத்தேன். எனக்கு எதிரான சாட்சியை நானே பத்திரமாக வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

நீ கட்டோடு வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் பட்டறைக்கு வந்தாய். வலது கையால் டோர்ச்சை எடுத்து விசையை அழுத்தினாய். டிக். இன்னொரு தரம். டிக். "மாத்திட்டீங்களாப்பா?" என்றாய். "ம்" என்றேன். "பழச எங்கப்பா?" அப்போது சொல்லியிருக்கலாம். டப்பி எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. "அது எங்கயோ வீசிட்டேன். தேஞ்சி போன சாமான வைச்சி என்னா செய்ய?" என்றேன். நீ டோர்ச்சைக் கொக்கியில் மாட்டினாய். "சரிங்கப்பா" என்றாய். அதற்குப் பிறகு நீ அதைத் தொடவில்லை. இரண்டு மாதத்தில் டவுனில் கடை வேலைக்குப் போய்விட்டாய், அங்கேயே அறை எடுத்துக்கொண்டாய். உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். ஒரு தரம் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். நீ "சரிங்கப்பா" என்று சொல்லிச் சொல்லியே என்னை நாலு வருஷம் பொய்யனாகவே இருக்க விட்டாய். இது அநியாயமான கோபம் என்று தெரியும். இருந்தாலும் இருக்கிறது.

அந்தப் பால்குடத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. உன் அம்மா முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள், பூசையில் நீ குறுக்கே பேசினாய், சாமி குற்றமாகிவிட்டது என்று. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு உன்னைப் பால்குடம் எடுக்க வைப்பதாக நேர்ந்துகொண்டாள். நீ மாட்டேன் என்றாய், அவள் அழுதாள். கடைசியில் அவளுக்காக ஒத்துக்கொண்டாய். மஞ்சள் துணி கட்டி, செருப்பில்லாமல், வலது கையால் குடத்தைப் பிடித்து, தைத்த புண் ஆறாத இடது கையைக் குடத்துக்கு முட்டுக்கொடுத்து, தேயிலை மலைக்கு நடுவே அந்தக் கல்லுப் பாதையில் ஏறினாய். உன் பின்னால் கர்ப்பூரத் தட்டோடு நடந்தது நான். செய்யாத குற்றத்துக்கு நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகிறாய், செய்தவன் பின்னால் தட்டு தூக்கிக்கொண்டு வருகிறான். வழியில் ஒருவர் "நல்ல பிள்ளைங்க" என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். அம்மன் அன்றைக்கு என் கண்ணைப் பிடுங்கியிருந்தால் நியாயம் என்று சொல்லியிருப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம்.

நிச்சயதார்த்தம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். டப்பியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. பிறகு கேட்டாள். "அவன் தலையில கொடத்தத் தூக்கி வைச்சேனே, அப்பவும் ஒங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். "நாலு வருசமா வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம அவன மன்னிச்சிருன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒங்களுக்காவது கேட்டிருப்பேன்." அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறாள், நான் சாப்பிட வரும்போது அந்த இடத்தில் இருப்பதில்லை. உன்னிடம் அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். முதலில் நான் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாள்.

உன் மாமனாரையும் போய்ப் பார்த்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள், வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். பராக்குப் பார்த்தது அவன் இல்லை, பிழை என்னுடையது என்று. அவர் என் தோளைத் தட்டினார். "கல்யாண நேரத்துல பழசக் கெளறாதீங்க சம்பந்தி. நடந்தது நடந்து போச்சு" என்றார். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். சபையில் சொன்ன பொய்க்கு அத்தனை காது இருந்தது, உண்மைக்கு ஒரு டீதான் கிடைத்தது. அதனால்தான் எழுதித் தருகிறேன். அவர் வாசிக்காவிட்டாலும் அந்தப் பிள்ளை வாசிக்கட்டும். அவள் கட்டிக்கொள்ளப் போவது பராக்குப் பார்த்தவனை இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

கல்யாணம் கட்டப் போகிற மகனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்ன யோக்கியதையில் சொல்வது? ஒன்று மட்டும் சொல்கிறேன், பட்டவன் சொல்கிறேன். நாளைக்கு உன் மனைவியோ பிள்ளையோ ஆட்கள் முன்னால் உன் கையைப் பிடித்து நிறுத்தினால், ஆட்களைப் பார்க்காதே, கையைப் பார். எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று பார். வெட்கமாகத்தான் இருக்கும். அந்த வெட்கம் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடும். நான் அதைப் பொறுக்கவில்லை, அதனால் வந்தது உன் கையில் இருக்கிறது. அதோடு உன் இடது கையை மேசைக்கு மேலே வைத்து வேலை செய். ஒளிக்க வேண்டியவன் நீ இல்லை.

இப்போது டப்பியைத் திற. குமிழுக்குப் பக்கத்தில் இன்னும் மஞ்சள் இருக்கிறது, நான் சுரண்டவில்லை. அதை வைத்திருப்பதும் மகாவலியில் வீசுவதும் உன் விருப்பம்.

நலுங்கு அன்று உன்னை மணையில் உட்கார வைத்துச் சந்தனக் கிண்ணத்தை என் கையில்தான் முதலில் தருவார்கள். இரண்டு கையையும் நீ நீட்ட வேண்டும், நான் பூச வேண்டும், அது முறை. ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், படம் பிடிப்பார்கள். அவர்களுக்காக நீ கையை நீட்ட வேண்டாம். மடியிலேயே வைத்துக்கொண்டு தலையை அசைத்தால் போதும், கிண்ணத்தை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு வாசலில் வருகிறவர்களுக்குக் கதிரை போடப் போய்விடுவேன். யாராவது ஏன் என்று கேட்டால் காரணத்தை நான் சத்தமாகவே சொல்வேன். வேண்டாம் என்று நீ சொன்னால் இந்தத் தடவை பூச மாட்டேன்.

அப்பா